பெடல் பெட்டியில் சிக்குக் கோலம், அப்புறம் அந்த 15 வெள்ளி ஓவன்

வணக்கம் மக்களே. முதலில் இந்தக் கிட்டார் பெடல் பெட்டியைப் பாருங்கள். கொஞ்சம் சாய்த்துக் காட்டுகிறேன், விளக்கு வெளிச்சம் மேலே ஓடட்டும். எங்காவது வெள்ளைத் திட்டு தெரிகிறதா? தெரியாது, ஏனென்றால் இல்லை. வாரம் முழுக்க மழை பிடித்துக்கொண்டு விடாத நேரத்தில், சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டில் வைத்து, நிறமில்லாத மேல்பூச்சான கிளியர் கோட் அடித்து, ஓர் ஓரம்கூட வெளுக்காமல் வந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன். சத்தம் பதிவாகும் என்று ஃபேனை நிறுத்தியிருக்கிறேன், வேர்த்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

போன வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும், கிட்டார் சத்தத்தை உறுமலாக மாற்றும் ஃபஸ் பெடலின் சர்க்யூட் முடிந்து, நன்றாக உறுமிக்கொண்டு, பெட்டி மட்டும் இல்லாமல் மேசையில் கிடந்தது. ஏன் சிலிக்கான் டிரான்சிஸ்டர், ஏன் ஜெர்மானியம் போடவில்லை என்று இன்னும் கேட்கிறீர்கள். நம் வீட்டு மத்தியான வெக்கையில் ஜெர்மானியத்தின் கசிவு மின்னோட்டம் ஏறிக்கொண்டே போகும், காலையில் கேட்ட சத்தம் மத்தியானம் இருக்காது. ஏர்கான் அறையிலேயே வாசிப்பவர்கள் தாராளமாகப் போடுங்கள். நான் போடமாட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

பெட்டி, வழக்கம்போல 125பி என்ற அளவு. வார்ப்பு அலுமினியம், ஏறக்குறைய 122க்கு 66 மில்லிமீட்டர், உயரம் 39. விலை 11 சிங்கப்பூர் வெள்ளிதான். ஆனால் அனுப்புக் கூலி 16 வெள்ளி! அதற்கு மேல் 9 சதவீதம் பொருள் சேவை வரி, அனுப்புக் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போட்டு. 2023 ஜனவரிக்கு முன்னால் 400 வெள்ளிக்கு உட்பட்டு விமானத்திலோ தபாலிலோ வரும் சாமானுக்கு இந்த வரி கிடையாது. இப்போது 11 வெள்ளிப் பெட்டிக்கும் உண்டு. ஒரு பெட்டி வாங்கினால் கட்டுப்படியாகாது, அதனால்தான் நான் மொத்தமாக வாங்கி அலமாரியில் அடுக்குகிறேன். வீட்டில் இதைப் பற்றி யாராவது கேட்டால் இந்த வீடியோவைக் காட்டுவேன். ஜாக், சுவிட்ச், பொட் (குமிழால் திருப்பும் மின்தடை) எல்லாம் சிம் லிம் டவர் மின்னணுக் கடைகளில் கையால் தொட்டுப் பார்த்து வாங்கிவிடலாம், அதில் எனக்குக் குறையே இல்லை. பெட்டிதான் தலைவலி.

சரி, படம். இந்தத் தடவை சிக்குக் கோலம். போட்டது அம்மா. அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டிய பெடல் எனக்குப் பிடிக்காது என்று உங்களுக்குத் தெரியும். காலால் மிதிக்கிற சாமானில் ஸ்டிக்கர் ஒட்டினால் ஆறே மாதத்தில் ஓரம் சுருண்டு அழுக்கு ஏறிவிடும். உலோகத்தையே அரித்து எடுத்த கோடு அப்படிப் போகாது, விரல் வைத்தால் பள்ளம் தட்டுப்படும். அதற்கு ஏற்ற படம் என்றால் கோடுதான். பெரிய பரப்பை அரிக்கவிட்டால் வார்ப்பு உலோகம் சமமாக இறங்காது, அங்கங்கே குழி விழும். சிக்குக் கோலத்தில் ஒரே கனத்தில் ஒரே கோடு போய்க்கொண்டே இருக்கிறது. நான் 1.2 மில்லிமீட்டர் வைத்தேன்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் புள்ளிகள். இடைப்புள்ளி வைத்து 2, 1, 2, 1 என்று கீழே இறங்குகிற கோலம். மேலே இரண்டு புள்ளியில் இரண்டு குமிழ், நடுப்புள்ளியில் எல்இடி, அடுத்த இரண்டில் இன்னும் இரண்டு குமிழ், கடைசிப் புள்ளியில் கால் சுவிட்ச். அதாவது ஒவ்வொரு புள்ளியும் ஒரு துளையின் மையம். அம்மாவிடம் சொன்னேன், “அம்மா, இந்தப் புள்ளி எல்லாம் ஓட்டையாகிவிடும்.” “ஓட்டை போடுகிற இடத்தில் எதுக்குடா கோலம்?” என்று கேட்டுவிட்டு, போட்டும் கொடுத்தார். கோடு முட்டாமல் சுற்றி வந்து மூடவேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே இல்லை. கால் சுவிட்சின் நட்டு இடம் அடைக்கும், கீழ்ச் சுழியைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்டதற்குப் பார்த்த பார்வை இருக்கிறதே! கடைசியில் புள்ளி இடைவெளியை அகட்டினோம். குமிழ் 15 மில்லிமீட்டர் விட்டம், கோடு அதற்கு வெளியே ஓடுகிறது. குமிழ்களுக்குக் கீழே ஒலி, உறுமல், குரல், மூச்சு. நாலாவது குமிழ் மின்னழுத்தத்தைக் குறைத்து சத்தத்தைத் திணற வைக்கும், அதனால் மூச்சு.

படத்தைப் பெட்டிக்கு ஏற்றுவது பழைய முறைதான், டோனர். லேசர் பிரிண்டரின் கறுப்புப் பொடி உண்மையில் பிளாஸ்டிக். காகிதத்தில் சூட்டில் ஒட்டியதை, மறுபடி சூடாக்கி உலோகத்துக்கு மாற்றுகிறோம். அந்த இடத்தை உலோகம் அரிக்கும் மருந்து தொடாது. இன்க்ஜெட்டில் நடக்காது, இதை ஒவ்வொரு வீடியோவிலும் சொல்கிறேன். வழவழப்பான காகிதம் வேண்டும். டோனர் ஏற்றவென்றே விற்கும் மஞ்சள் காகிதமெல்லாம் காசு கொடுத்து வாங்காதீர்கள். கீழே தபால்பெட்டியைத் திறந்தால் வீடு விற்கும் முகவர்கள் போடும் துண்டுப்பிரசுரம் கொத்தாக இருக்கும், அதில் மெல்லியதாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். என் பெட்டிகள் பாதிக்கு மேல் அடுக்குமாடி விளம்பரத்தில் பிறந்தவை. அச்சுக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் அங்கிள் மெஷினில் போடமாட்டார், அதில் நியாயமும் இருக்கிறது. சொந்த பிரிண்டரில் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாற்றி அச்சடிக்க வேண்டும். காகிதத்தில் எழுத்தை உங்களால் படிக்க முடிந்தால் அது வேலைக்கு ஆகாது.

பெட்டியை 220, அப்புறம் 400 நம்பர் உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்த்து, அசிட்டோனால் துடைத்த பிறகு மேலே விரல் படக்கூடாது. பெட்டிக்குள் ஒரு மரக்கட்டையை இறுக்கிச் செருகுங்கள், இல்லையென்றால் அழுத்தும்போது ஆடும். இஸ்திரிப்பெட்டி பருத்தித் துணிச் சூட்டில், நீராவி இல்லாமல். கனமான வார்ப்பு என்பதால் சூட்டை எல்லாம் குடித்துவிடும், முதலில் பெட்டியை நன்றாகச் சூடாக்கிவிட்டுத்தான் காகிதத்தை வைக்கவேண்டும். பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு, கட்டை விரலால் காகிதத்தை உருட்டி உருட்டி எடுக்கவேண்டும். தமிழ் எழுத்தில் ஒரு தொல்லை உண்டு. ஒலியில் உள்ள ஒ, மூச்சில் உள்ள மூ, இவற்றின் சுழிக்குள் காகித நார் மாட்டிக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போது தெரியாது, காய்ந்தால்தான் வெள்ளையாகத் தெரியும், அப்படியே மருந்தில் போட்டால் அந்த இடம் அரிக்காமல் மொட்டையாக நிற்கும். பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷும் ஊசியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுத்து உயரம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போகவே போகாதீர்கள்.

அட, ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். இந்தக் கோலத்தில் கோடுதான் பள்ளமாக வேண்டும், அதனால் அச்சில் கோடு வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் இருக்கவேண்டும். எந்தப் பக்கம் டோனர் இருக்கிறதோ அந்தப் பக்கம் தப்பிக்கும். அவ்வளவு பெரிய கறுப்புப் பரப்பு ஒட்டும்போது அங்கங்கே ஊசித்துளைகள் விழும். நகப்பூச்சால் அடைத்துவிடலாம், நான் என் தங்கையுடைய கத்தரிப்பூ நிறத்தை எடுத்தேன். பெட்டியின் பக்கங்களும் உள்புறமும் பெட்டி ஒட்டும் டேப்பால் மூடியிருக்க வேண்டும். துளை போடுவது எல்லாம் முடிந்த பிறகு. முன்னாலேயே போட்டால் துளை வழியாக மருந்து உள்ளே போகும்.

இப்போது மருந்து. சர்க்யூட் பலகை (பிசிபி) அரிக்கிற ஃபெர்ரிக் குளோரைடைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. செம்புக்கு அது பரவாயில்லை, அலுமினியத்தில் ஊற்றினால் கொதிக்கும், நெடி வரும், அந்தச் சூட்டில் டோனர் கழன்றுவிடும். தரை ஓட்டு இடுக்கில் பட்டால் மஞ்சள் கறை போகவே போகாது, எஃகுத் தொட்டியில் பட்டால் குழி விழும். நான் பயன்படுத்துவது காப்பர் சல்பேட், அதாவது மயில்துத்தம், கூடவே சாதாரணச் சமையல் உப்பு. சம எடை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம், 50 கிராம் என்று ஆரம்பியுங்கள், பற்றவில்லை என்றால் ஏற்றிக்கொள்ளலாம். உப்புப் போட்டதும் நீலம் பச்சையாக மாறும், அதைப் பார்க்கவே ஒரு சந்தோஷம். உப்பு எதற்கு என்று கேட்டால், அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று இருக்கிறது. வெறும் மயில்துத்தம் அதைத் தாண்டத் திணறும், உப்பில் உள்ள குளோரைடு அதை உடைத்துவிடும். அதன் பிறகு அலுமினியம் கரைந்து இறங்க, கரைசலில் இருந்த செம்பு வெளியே வரும். ராகிக் கூழ் மாதிரி ஒரு செம்பழுப்புச் சேறு, அதுதான் செம்பு.

பெட்டியின் முகத்தைக் கீழ்ப்பக்கமாக வைத்துத் தொங்கவிடுங்கள், சேறு தானாக விழும். மேல்பக்கமாக வைத்தால் கோட்டுக்குள்ளேயே படிந்து அரிப்பை நிறுத்திவிடும். அவ்வப்போது எடுத்து, மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, தண்ணீரில் ஆறவைத்து மறுபடி போடுங்கள். சூடு ஏறினால் டோனர் உரியத் தொடங்கும், அவசரம் கூடாது. நகத்தை வைத்து இழுத்தால் கோடு தட்டவேண்டும், அதுவரை. கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல், பக்கத்தில் நெருப்பு கிடையாது. குமிழி குமிழியாக வருவது ஹைட்ரஜன்.

கழிவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். தீர்ந்த கரைசலைக் கழிவறையிலும் ஊற்றாதீர்கள், கீழே வாய்க்காலிலும் ஊற்றாதீர்கள். இந்த நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழை வாய்க்கால் வழியாக நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது, செம்பு கொஞ்சம் கலந்தாலே மீனுக்கும் நத்தைக்கும் ஆபத்து. சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கிப் போட்டு, நிறம் போகும்வரை விட்டால் மிச்சச் செம்பும் அடியில் இறங்கிவிடும். நான் கோப்பி வடிக்கும் துணிப் பையில் வடிகட்டுகிறேன், அந்தப் பை இனிமேல் கோப்பிக்கு இல்லை. சேறு ஒரு டப்பாவில், தண்ணீர் ஒரு பாட்டிலில், மேலே பெயர் எழுதி வைத்திருக்கிறேன். கொஞ்சம் சேர்ந்ததும் உரிமம் உள்ள கழிவுச் சேகரிப்பாளரிடம் போகும்.

அரித்து முடித்ததும் கோடுகள் தானாகவே சாம்பல் கறுப்பாக இருப்பதைப் பாருங்கள், இதோ, வேறு பெட்டி. வார்ப்பு அலுமினியத்தில் சிலிக்கான் நிறைய, பத்து சதவீதம் அளவுக்கு. அலுமினியம் கரைந்து போனதும் அது மட்டும் கறுப்பாக மேலே நிற்கும். மின்சாரத்தால் ஆக்சைடு படலம் ஏற்றி நிறம் கொடுக்கும் வண்ண அனோடைசிங் செய்யலாமே என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான், இந்த உலோகம் அழுக்குச் சாம்பலாகத்தான் வரும். நான் பள்ளத்தில் கறுப்பு எனாமல் பூசி, காய்ந்ததும் 600 நம்பர் தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி மேலாகத் தேய்த்துவிட்டேன். மேல்பரப்பில் இருந்த கறுப்பு போய், கோட்டுக்குள் மட்டும் நின்றது. கடைசியாகப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் நீளவாக்கில் ஓர் இழுப்பு. துளைகளுக்குப் படிப்படியாகப் பெரிதாகும் அந்தக் கூம்பு டிரில், கால் சுவிட்சுக்கு 12 மில்லிமீட்டர்.

இனிமேல்தான் இன்றைய விஷயம். கிளியர் கோட். ஜாலான் புசார் பக்கம் வாங்கிய சாதாரண அக்ரிலிக் ஸ்பிரே, 8 வெள்ளி 50 காசு. முந்தைய பெட்டியில் இதே டப்பா, மழை நாள், அடித்து ஐந்து நிமிடத்தில் முகம் முழுக்க வெள்ளை பூத்தது நினைவிருக்கும், அதற்கு நீங்கள் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னீர்கள். காரணம் டப்பாவில் இல்லை, காற்றில் இருக்கிறது. ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது உலோகத்தின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மழை நாளில் காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வையுங்கள். அப்போது பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் துளியாக இறங்கத் தொடங்கும் வெப்பநிலை, 25 டிகிரிக்கும் மேலே. பெட்டியின் மேல்பரப்பு மூன்று டிகிரி குளிர்ந்தால் போதும், காற்றிலுள்ள தண்ணீர் ஈரப் பூச்சின் மேல் இறங்கிவிடும். அது உள்ளே மாட்டிக்கொண்டு வெள்ளையாகத் தெரிகிறது. குளிர்நாட்டுக்காரர்கள் வீடியோவில் இதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள், அவர்களுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை.

அப்படியென்றால் பெட்டி குளிராமல் இருந்தால் சரி. அதற்குத்தான் டோஸ்டர் ஓவன். பழைய சாமான் விற்கும் கரோசல் செயலியில் பார்த்தேன், தோ பாயோவில் ஓர் ஆன்ட்டி 25 வெள்ளி போட்டிருந்தார். நான் 12 கேட்டேன். பதிலே இல்லை. மறுநாள் 20 என்று வந்தது. நான் கதவுக் கண்ணாடியில் ஒரு கறை இருக்கிறதே என்று படத்தைப் பெரிதாக்கி அனுப்பினேன். அது ஃபிளாஷ் வெளிச்சம் என்றார். உண்மையிலேயே ஃபிளாஷ்தான், ஆனாலும் விலை 17க்கு இறங்கியது. எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நானே வருகிறேன், ரொக்கம், டப்பா வேண்டாம் என்றேன், 15க்கு முடிந்தது. அதிலும் தட்டு, கம்பி வலை, பிடிக்கும் கொக்கி எல்லாம் சேர்த்து! கையில் கொடுக்கும்போது கேக்கா ரொட்டியா என்று கேட்டார். இரும்புப் பெட்டி என்றேன். சிரித்துவிட்டு, வாரன்டி இல்லை லா என்று சொல்லிப் போய்விட்டார். அலுமினியம் என்று திருத்த நேரமில்லை. சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை இருந்திருந்தால் இன்னும் மலிவாகக் கிடைத்திருக்கும், அதை 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள். இந்த ஓவனில் இனி சாப்பாடு கிடையாது. கதவில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியாயிற்று, அம்மாவின் கட்டளை.

செய்தது இவ்வளவுதான். பெட்டியை 60 டிகிரியில் உள்வரை சூடாகும்படி வைத்து, ஓவனை நிறுத்தி, துணி காயப்போடும் இடத்துக்கு எடுத்துப் போனேன். அங்கே ஓர் அட்டைப் பெட்டிக்குள் வைத்து மெல்லிய பூச்சு. கரைப்பான் ஆவிக்கான முகமூடி கட்டாயம், சாதாரண மருத்துவ முகமூடி இதற்கு உதவாது. அடிக்கும் முன்னால் கீழ்வீட்டில் மூங்கில் கழியில் துணி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். அது ரொம்ப முக்கியம், வார்னிஷ் வாசனையோடு சட்டை போட யாருக்கும் பிடிக்காது. பூச்சு ஈரமாக இருக்கும்போது ஓவனுக்குள் திருப்பி வைக்காதீர்கள், ஆவி தீப்பிடிக்கும். கனமான வார்ப்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதுவே போதும். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்து, நெடியும் போன பிறகு மறுபடி லேசான சூடு, அடுத்த பூச்சு. வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது, பெட்டி கண்ணாடியாக நின்றது. நான் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கோலம் மூடியிருக்கிறதா என்று விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

ஏற்கெனவே வெள்ளை பூத்த பெட்டி வைத்திருப்பவர்கள் சுரண்டி எடுக்காதீர்கள். இதே மாதிரி சூடாக்கி, மேலே மிக மெல்லியதாக இன்னொரு பூச்சு அடித்தால் அடியில் உள்ள பழைய பூச்சு கரைந்து ஈரத்தை விட்டுவிடும். பெரும்பாலும் தெளிந்துவிடும். இரண்டு பொருள் கலந்து இறுகும் வகைக்கு இது செல்லாது, சாதாரண ஸ்பிரேக்கு மட்டும். என் பழைய பெட்டி, இதோ, தெளிந்துவிட்டது. இந்த மூலையில் மட்டும் கொஞ்சம் புகை நிற்கிறது.

பூட்டும்போது கால் சுவிட்சின் நட்டுக்குக் கீழே நைலான் வாஷர் போடுங்கள், இல்லையென்றால் இவ்வளவு பாடுபட்ட பூச்சில் வட்டமாகக் கீறல் விழும். மூச்சுக் குமிழைத் திருப்பி என்ன சத்தம் வருகிறது என்று காட்டலாம் என்றுதான் கிட்டாரை எடுத்து வைத்தேன். மேல்வீட்டில் ஓடு உடைக்க ஆரம்பித்துவிட்டார்கள், உங்களுக்கே கேட்கும். ஒலிச் சோதனை அடுத்த வீடியோவில்.